வேலைக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை

“அண்ணா, காதுல குய்யுன்னு ஒரே சத்தம். பகல்ல தெரியல, படுத்தா ஆரம்பிச்சுடுது. ஏதாச்சும் மாத்திரை குடுங்க.”

பர்கூர் பக்கம் மருந்துக்கடை நடத்துகிறவனுக்கு இது பழகிப்போன வசனம். சொல்கிறவரின் புருவத்தில் கல்தூள் வெள்ளையாகப் படிந்திருக்கும். கொஞ்சம் உரக்கப் பேசுவார். நாம் பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். போன மாதம் வந்தவர் கிரானைட் குவாரியில் கம்ப்ரசரில் ஓடும் டிரில்லைப் பிடித்துக் கல்லில் துளை போடுகிறவர். 11 வருட சர்வீஸ். ஒரு வைட்டமின் அட்டையைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடுவது கடைக்காரனுக்குச் சுலபம். ஆனால் அவர் அடுத்து ஒன்று கேட்டார்: “இருக்கிற காதாவது கெடாம இருக்க, வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே போட்டுக்கிற மாதிரி எதுவும் இல்லையாண்ணா?”

உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களும் ராணுவங்களும் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. இல்லை என்பதுதான் பதில். சத்தத்தால் வரும் காது மந்தத்தைத் தடுப்பதற்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த மருந்து ஒன்றுகூடக் கிடையாது. ஏன் இல்லை என்பதும், எதுவரை வந்து நின்றிருக்கிறார்கள் என்பதும் கொஞ்சம் நீளமான கதை.

முதலில் சத்தத்தின் கணக்கு. டெசிபல் என்பது கந்துவட்டி மாதிரி. 3 டெசிபல் ஏறினால் காதுக்குள் போகும் ஒலியாற்றல் இரண்டு மடங்காகிவிடும். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு நாளைக்கு 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்கிறது. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். இப்படியே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். கல்லில் துளை போடும் டிரில்லைப் பிடித்திருப்பவர் காதருகே சத்தம் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். அதாவது காலையில் வந்து ஒரு டீ குடிக்கிற நேரம் வேலை பார்த்தாலே அன்றைய கோட்டா முடிந்தது. மீதி நாள் முழுக்கக் கடன்.

அந்தக் கடன் காதுக்குள் எங்கே எழுதப்படுகிறது? உள்காதில் காக்ளியா என்று ஒரு நத்தைச்சுருள் இருக்கிறது. இரண்டரைச் சுற்று. அதற்குள் வரிசையாக ரோம செல்கள். ஒரு காதுக்கு உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. ஒலி வரும்போது இவற்றின் உச்சியில் உள்ள நுண்ணிய இழைகள் சாய்ந்து நிமிரும். அந்த அசைவுதான் மின்சமிக்ஞையாகி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை இறங்கிப் போன கேழ்வரகுக் கொல்லையைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது சட்டென்று புரியும். சாய்ந்த தாள் இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும். அடியோடு முறிந்தது நிமிராது. திருவிழாவில் பம்பைக்குப் பக்கத்தில் இரவெல்லாம் நின்றுவிட்டு வந்தால் காது அடைத்துக்கொண்டு, மறுநாள் மதியத்துக்குள் தெளிகிறதே, அது சாய்ந்து நிமிர்ந்த வகை. தற்காலிக இழப்பு என்பார்கள். தினமும் யானை வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாலூட்டிகளுக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கும்! 1980-களின் இறுதியில் இதைக் கண்டுபிடித்தார்கள். கூண்டில் கிடக்கிற பிராய்லர் கோழிக்குக் கிடைத்த வரம் அதைத் தின்கிற நமக்கு இல்லை.

மருந்து என்ற யோசனை பிறந்தது வேறொரு கண்டுபிடிப்பிலிருந்து. செல்கள் வெறும் அதிர்ச்சியால் உடைந்துதான் சாகின்றன என்றால் மாத்திரையால் ஒன்றும் செய்ய முடியாது. கல்லடி பட்ட கண்ணாடிக்கு எந்த மாத்திரை கொடுப்பது? ஆனால் பெருமளவு செல்கள் அடி வாங்கிய அந்த நிமிடத்தில் சாவதில்லை, பிறகு சாகின்றன. அதிக சத்தத்தில் செல்களுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அளவுக்கு மீறி உழைத்து, ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வினைமிகு மூலக்கூறுகளைப் புகையாகக் கக்குகின்றன. ஃப்ரீ ராடிக்கல் என்று சத்து டானிக் விளம்பரங்களில் பயமுறுத்துவார்களே, அந்தக் கூட்டம்தான். அதே நேரம் உள்காதின் ரத்த ஓட்டம் குறைகிறது. நரம்புக்குச் சேதி சொல்லும் குளூட்டமேட் கொட்டித் தீர்த்து நரம்பு முனைகளை வீங்க வைக்கிறது. கடைசியில் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கட்டளையைப் போட்டுக்கொள்கிறது. கினிப்பன்றிகளில் பார்த்தபோது இந்தப் புகைச்சல் சத்தம் நின்ற பிறகும் ஒரு வாரம், பத்து நாள் வரை தொடர்ந்தது. அப்படியானால் சத்தத்துக்கும் சாவுக்கும் நடுவில் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்துக்குள் மாத்திரையை நுழைக்க முடியுமா என்பதுதான் பந்தயம்.

முதல் குதிரை எங்கள் கடை அலமாரியிலேயே இருக்கிறது. என்-அசிட்டைல்சிஸ்டீன், சுருக்கமாக என்.ஏ.சி. சளியை இளக்கக் கொடுப்பார்கள், தண்ணீரில் போட்டால் நுரைக்கிற மாத்திரை. பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனவர்களுக்கு ஆஸ்பத்திரியில் முறிமருந்தும் இதுதான். உடம்பின் சொந்த நச்சுமுறியான குளூட்டாதயோனை இது பெருக்குகிறது. ஆய்வுக்கூட விலங்குகளில் காதை நன்றாகவே காப்பாற்றியது. அப்புறம் மனிதர்களிடம் வந்தார்கள்.

2010-இல் வெளியான தைவான் ஆய்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. காரணம், அது நம் ஆட்களைப் போன்ற தொழிலாளிகளிடம் நடந்தது. 53 ஆண்கள். வேலையிடத்தில் கிட்டத்தட்ட 89 டெசிபல். ஒருமுறை 14 நாள் என்.ஏ.சி., இன்னொரு முறை 14 நாள் வெற்று மாத்திரை. ஷிப்ட் முடிந்ததும் எவ்வளவு கேள்திறன் தற்காலிகமாகக் குறைந்திருக்கிறது என்று அளந்தார்கள். வெற்று மாத்திரையில் 2.77 டெசிபல். மருந்தில் 2.45. வித்தியாசம் 0.32 டெசிபல். புள்ளியியல்படி மருந்து வேலை செய்தது, உண்மைதான். ஆனால் காது பரிசோதனைக் கூடங்களில் வழக்கமாக 5 டெசிபல் படி வைத்துத்தான் அளக்கிறார்கள். அந்த அளவுகோலில் இந்த லாபம் கண்ணுக்கே தெரியாது.

அமெரிக்க ராணுவம் இன்னும் பெரிதாக முயன்றது. 2015-இல் வெளிவந்த ஆய்வில் 566 வீரர்கள். துப்பாக்கிப் பயிற்சியின்போது 16 நாள் பாதிப் பேருக்கு என்.ஏ.சி., மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. முன்கூட்டியே குறித்துவைத்த முக்கிய அளவுகோல்களில் மருந்து தேறவில்லை. பிறகு தரவுகளைக் கிளறி, துப்பாக்கி விசையை அழுத்துகிற கையின் பக்கத்துக் காதில் மட்டும் கொஞ்சம் பலன் தெரிகிறது என்றார்கள். பரீட்சை எழுதி முடித்த பிறகு வினாத்தாளை மாற்றிப் பார்க்கிற வேலை அது. புதிய ஆய்வுக்கு ஒரு துப்பாக இருக்கலாம், மாத்திரை எழுதிக்கொடுக்க ஆதாரமாகாது.

இதுவரை வந்ததில் நம்பிக்கை கொடுத்தது எப்செலென். செலினியம் கலந்த சிறிய மூலக்கூறு. காக்ளியாவில் புகைச்சலை அணைக்கிற குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்சைமின் வேலையை இது செய்துகாட்டும். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. 18 முதல் 31 வயது வரையுள்ள 83 பேர். இயர்போனில் 4 மணி நேரம் சத்தமான பாட்டு. அதற்கு 2 நாள் முன்பிலிருந்தே மருந்து, மொத்தம் 4 நாள். 4,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சுச் சுருதியில் வெற்று மாத்திரைக்காரர்களுக்குச் சராசரி 4.07 டெசிபல் குறைந்தது. 400 மில்லிகிராம் மருந்து எடுத்தவர்களுக்கு 1.32 மட்டுமே. 68 சதவீதம் தடுத்துவிட்டது என்று தலைப்புச் செய்தி போடலாம். 2.75 டெசிபல் தடுத்தது என்றும் போடலாம். இரண்டும் ஒரே கணக்குதான். எந்தத் தலைப்பு எங்கே அச்சாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. இந்தத் துறையின் உண்மையான முட்டுக்கட்டை இங்கேதான் கிடக்கிறது. கினிப்பன்றிக்குக் காது செவிடாகிற அளவுக்குச் சத்தம் போடலாம், பிறகு காக்ளியாவை வெட்டி எடுத்துச் செல்களை எண்ணலாம். மனிதனிடம் இரண்டும் முடியாது. அதனால் மறுநாளே தெளிந்துவிடுகிற சின்ன இழப்பை உண்டாக்கி, அதை மருந்து எவ்வளவு குறைக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு சாயங்காலத்தின் 4 டெசிபலைக் குறைக்கிற மருந்து, 11 வருடத்தின் 40 டெசிபலையும் குறைக்குமா? அதை அறிய வேண்டுமானால் ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் தினமும் மாத்திரை சாப்பிட வைத்துக் காத்திருக்க வேண்டும். அவ்வளவு பேருக்கும் காதடைப்பான் கொடுத்தாக வேண்டும், அது தர்மம். அடைப்பான் ஒழுங்காக வேலை செய்தாலோ மருந்துக்கு வேலையே இருக்காது. மேலும் ஒரே டிரில்லை ஒரே அளவு நேரம் பிடித்த அண்ணன் தம்பியில் ஒருவருக்குக் காது போய் இன்னொருவருக்குப் போகாமல் இருப்பதும் உண்டு. இந்த ஏற்ற இறக்கத்துக்குள் 2 டெசிபல் லாபத்தைத் தேடுவது சந்தைக்கடையில் ரகசியம் கேட்கிற மாதிரி.

இன்னொரு சிக்கல் 2009-இல் முளைத்தது. குஜாவா, லிபர்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளை 2 மணி நேரம் 100 டெசிபல் சத்தத்தில் வைத்தார்கள். சில நாளில் கேள்திறன் முழுதாகத் திரும்பிவிட்டது, ரோம செல்களும் பத்திரம். ஆனால் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவிலுள்ள இணைப்புகளை எண்ணிப் பார்த்தால், சுருளின் சில பகுதிகளில் பாதி வரை காணவில்லை. நிமிர்ந்துவிட்டதே என்று நாம் நினைத்த தாளுக்கு வேர் அறுந்திருக்கிறது. வழக்கமான பரிசோதனையில் ‘நார்மல்’ என்றுதான் வரும். மனிதக் காதிலும் இது இப்படியே நடந்தால், மேலே சொன்ன மருந்துச் சோதனைகள் எல்லாம் தவறான இடத்தில் அளந்துகொண்டிருக்கின்றன என்றாகிவிடும்.

“நீங்க பேசறது கேக்குது, என்ன பேசறீங்கன்னுதான் தெரியல” என்று குவாரி ஆட்கள் சொல்வதன் பொருளும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சத்தத்தின் முதல் அடி 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். உயிரெழுத்துகள் அதற்குக் கீழே பலமாக ஒலிப்பவை, அவை தப்பிவிடுகின்றன. ‘கடை’யா ‘படை’யா ‘தடை’யா என்று பிரித்துக் காட்டுகிற மெய்யின் சன்னமான வெடிப்பு மேலே இருக்கிறது, அதுதான் முதலில் போகிறது. வீட்டில் “எத்தனை தடவை கூப்பிடறது” என்று திட்டு விழுவது இந்தக் கட்டத்தில்தான்.

சரி, மக்னீசியம்? இதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. 1994-இல் இஸ்ரேல் ராணுவத்தில் 300 புதிய வீரர்களிடம் 2 மாதப் பயிற்சியின்போது நடந்தது. தினமும் 167 மில்லிகிராம் மக்னீசியம் குடித்தவர்களுக்கு நிரந்தர இழப்பு குறைவாக இருந்தது. முப்பது வருடம் ஆகியும் இது மருத்துவ வழக்கமாக மாறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துக் கேழ்வரகு மாவில் 100 கிராமுக்குச் சுமார் 140 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கிறது என்று நான் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “அப்ப களி தின்னா காது கேக்கும்” என்று அது ஊருக்குள் ஒரு சுற்று வந்துவிட்டது. களி நல்லதுதான். ஆனால் அதைச் சாப்பிட்டே வளர்ந்த என் மாமாவுக்கும் கிரஷரில் காது போய்விட்டது.

டி-மெத்தியோனின், வைட்டமின் கலவைகள் என்று பட்டியல் இன்னும் நீளும், கதை பெரிதாக மாறாது. இறந்த செல்லை மறுபடி முளைக்க வைக்கும் முயற்சியில் பேர்வாங்கிய எஃப்.எக்ஸ்-322 என்ற ஊசிமருந்து 2021-லும் 2023-லும் சோதனைகளில் தோற்றது. கோழியின் ரகசியம் இன்னும் கோழியிடமே இருக்கிறது.

அதற்காக மருந்தால் காதைக் காக்கவே முடியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு இடத்தில் முடிந்திருக்கிறது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து குழந்தைகளின் காதைக் கெடுக்கும். அதைச் செலுத்தி 6 மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்பேட் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வந்த முடிவுப்படி, தயோசல்பேட் இல்லாத குழந்தைகளில் 63 சதவீதம் பேருக்குக் கேள்திறன் குறைந்தது, கொடுத்தவர்களில் 33 சதவீதம். 2022-இல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. இது ஏன் பலித்தது என்று பாருங்கள். எதிரி எந்த நாள், எந்த மணிக்கு, எவ்வளவு மில்லிகிராம் வருவான் என்று துல்லியமாகத் தெரியும். குவாரிச் சத்தம் அப்படி மணி சொல்லிவிட்டு வருவதில்லை, தினமும் வருகிறது, 20 வருடம் வருகிறது. அதனால் என் கணிப்பு இது: இப்படி ஒரு மாத்திரை என்றைக்காவது வந்தால் முதலில் ராணுவத்துக்கு வரும், வெடி விபத்தில் அடிபட்டவர்களுக்கு வரும். ஒரு நாள், இரண்டு நாள் ஆபத்துக்கானதாக இருக்கும். ஆயுள் முழுக்கத் தினமும் விழுங்குகிற மாத்திரையாக அது கல் குவாரிக்கு வர வெகுகாலம் ஆகும்.

அந்த ஒரு நாள் ஆபத்துக்கு இன்றைக்கும் ஓரளவு வழி இருக்கிறது. பட்டாசோ குவாரி வெடியோ காதருகே வெடித்து அப்போதே கேட்பது குறைந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கிறார்கள். உத்தரவாதம் கிடையாது. ஆனால் அதற்கு நாள் கணக்கு முக்கியம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. “தானா சரியாயிடும்” என்று பொங்கல் முடியக் காத்திருந்து மூன்று வாரம் கழித்து வந்தால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

காதுச் சத்தத்துக்கென்று கடைகளில் விற்பதையும் சொல்லிவிடுகிறேன், என் வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை. கிங்கோ மூலிகை, துத்தநாகம், மெலடோனின் இவற்றையெல்லாம் இதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-லேயே வழிகாட்டியில் எழுதிவிட்டது. நரம்பு ஊசி என்று போடுகிற பி12 ஊசியும் அந்த ஜாதிதான். உடம்பில் பி12 குறைந்திருந்தால் ஒழிய, காசுக்குத்தான் குய்யென்று சத்தம் வரும்.

காதைக் கெடுக்கிற மருந்துகள் பற்றியும் ஒரு வார்த்தை. ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசிகள் ரோம செல்களை நேராகவே தாக்கும். சத்தமும் சேர்ந்தால் சேதம் கூடும். குவாரியின் தூசி நுரையீரலில் சிலிக்கோசிஸைக் கொண்டுவரும், சிலிக்கோசிஸ் இருப்பவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும், காசநோய்க்கு அந்தக் காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசின். ஒரே கல், சத்தமாகவும் தூசியாகவும் இரண்டு வழியில் காதுக்கு வந்து சேர்ந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான கானாமைசினை 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, அந்த மட்டில் நிம்மதி. டிரில் பிடிக்கிறவர் எந்த ஊசி போடப் போனாலும் தன் வேலை என்னவென்று டாக்டரிடம் சொல்வது நல்லது.

ஆக, மிச்சம் இருப்பது பத்து, இருபது ரூபாய்க்கு வாங்கக்கூடிய ஆரஞ்சு நிற நுரைப்பஞ்சுக் காதடைப்பான் துண்டு. பெட்டியில் சுமார் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கும். அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. வேலையிடத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது நியோஷ். பாதியே என்றாலும் 15 டெசிபல், எப்செலென் கொடுத்த 2.75-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று அந்த டிரில்காரர் காதிலிருந்து சாதாரணப் பஞ்சை உருவிக் காட்டினார். அது தூசிக்கு ஆகும், சத்தத்துக்கு ஆகாது. நான் கவுண்டரை விட்டு வெளியே வந்து செய்து காட்டினேன். துண்டைச் சுத்தமான விரலால் மெல்லிய பீடி மாதிரி உருட்ட வேண்டும். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்நுனியைப் பின்னாலும் மேலாகவும் இழுக்க வேண்டும். உள்ளே விட்டு, அது விரிகிறவரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் விரலைப் பார்த்தேன், நகக்கண் எல்லாம் கல்மாவு. குவாரியில் கை கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தார்.

கழற்றாமல் போட்டிருக்க வேண்டும் என்பது அடுத்த கண்டிஷன். எட்டு மணி நேர வேலையில் பாதி நேரம் கழற்றி வைத்தால், மீதிப் பாதியில் எவ்வளவு உயர்ந்த அடைப்பான் போட்டாலும் மொத்தப் பாதுகாப்பு 3 டெசிபலுக்கு மேல் வராது. அதே கந்துவட்டிக் கணக்கு. சட்டம் காதில் போடச் சொல்கிறதா என்றால், சொல்கிறது. சுரங்கங்களுக்கு (குவாரியும் அதில் சேர்த்தி) 85 டெசிபல் எச்சரிக்கை அளவு, 90 அபாய அளவு. சத்தத்தால் வரும் காது மந்தம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாகவே இடம்பெற்றது. இழப்பீட்டுச் சட்டத்திலும் இடம் உண்டு. எங்கள் கடைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டு விண்ணப்பித்ததாகச் சொன்னதில்லை. ஒருநாள் மாத்திரை வந்தே விட்டால், “அதான் மாத்திரை குடுக்கிறோமே” என்று சொல்லிச் சைலன்சர் மாட்டாத கம்ப்ரசரை அப்படியே ஓட்டுவார்களோ என்பது என் தனிப்பட்ட பயம்.

டிரில்காரர் துண்டை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு கடைவாசலில் நின்று பார்த்தார். ரோட்டில் கிரானைட் லாரி ஒன்று ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போனது. தலையாட்டினார், பரவாயில்லை என்கிற மாதிரி. பிறகு ஒன்றைக் கழற்றினார்.

“வெடி வைக்கிறதுக்கு முன்னாடி விசில் அடிப்பாங்கண்ணா. அது கேக்காம போயிட்டா? அதுவும் இல்லாம, டிரில் சத்தம் மாறினாத்தான் உள்ள கல்லு வெடிச்சிருக்கான்னு தெரியும்.”

ஏற்கெனவே குறைந்த காதுக்கு மேல் அடைப்பான் போட்டால் விசில் இன்னும் தூரமாகிவிடும், உண்மைதான். எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைக்கிற அடைப்பான்கள் இருக்கின்றன, கழுவிப் போடலாம், கயிறு கோத்துக் கழுத்தில் தொங்கவிடலாம். கையில் ஸ்டாக் இல்லை. விலையைச் சொன்னதும் “ரெண்டு நாள் கூலிண்ணா” என்றார். மேஸ்திரியிடம் விசிலோடு ஒரு சிவப்புக் கொடியும் காட்டச் சொல்லுங்கள் என்றேன். கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். ஆரஞ்சுத் துண்டு நாலு ஜோடியும், தூக்கம் வர ஏதாவது என்று கேட்டு நான் கொடுக்க மறுத்ததற்குப் பதிலாக ஒரு தைலப் புட்டியும் வாங்கிக்கொண்டு போனார். கயிறு வைத்ததை ஓசூரில் சொல்லி வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரும்.